சின்னவருக்கு எட்டு

கேட்காதவர்களுக்கும் ஆலோசனை சொல்வது ஒரு வருத்தம் என்றால், அது எனக்கு ஒரு காலத்தில் முற்றிப்போய் இருந்தது. பஸ்சில் பக்கத்துப் பெண் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிற விதம் தொடக்கம் கோயிலில் ஐயர் சந்தனம் குழைக்கிற விதம் வரைக்கும் எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும். அந்த அபிப்பிராயத்துக்கு வாலாக ஒரு பழமொழியும் இருக்கும். (இப்பவும் முழுக்கச் சுகமில்லை. மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறன் எண்டு வையுங்கோவன்.)

படிப்பு ஓ.எல்லோடு நின்றுவிட்டது. கதை நிற்கவில்லை. யாராவது பேச்சோடு பேச்சாக ஒரு நல்ல சொல்லைச் சொல்லிவிட்டால் வீட்டுக்கு வந்த கையோடு ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைப்பேன். மீன் விற்கிறவர் சொன்னதும் அதில் இருக்கும், பஸ் கொண்டக்டர் ஏசினதும் இருக்கும். அதைப் போலத்தான் கேக் ஐசிங்கும். எங்கள் வேலணை வீட்டுக் குசினிச் சுவரில் போனைச் சாத்தி வைத்து, பார்த்துப் பார்த்து நானே பழகினது. முதன்முதலாக நான் போட்ட ரோசாப்பூவை என் மாமியார் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "கோவா நல்ல வடிவாய் வந்திருக்குப் பிள்ளை" என்றார். அந்த முட்டைக்கோசு ரோசாவாக ஒன்றரை வருசம் எடுத்தது.

ரோசாவாகினதும் எனக்குத் தலைக்கனம் வந்தது. அதே நேரத்தில் 'எங்கட கைவேலை' என்று இணையத்தில் ஒரு குழுவும் வந்தது. தீவுப்பகுதி ஆட்கள், இங்கே இருக்கிறவர்களும் வெளிநாட்டில் இருக்கிறவர்களும், தாங்கள் கையால் செய்தவற்றைப் படம் எடுத்துப் போடுகிற இடம். தையல், பின்னல், ஓவியம், கேக். "நல்லாயிருக்கு, கீழ்ப்பக்கம் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கோ" என்று ஒருவருக்கொருவர் அன்பாகச் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அது சக்கரைப்பானைக்குள் எறும்பு விழுந்தது மாதிரி. பிரான்சில் பரிசில் இருக்கிற காரைநகர் அண்ணை ஒருவர் தீக்குச்சியால் தேர் செய்து போட்டார். தீக்குச்சியால் அடுப்பு மட்டுமே பற்றவைத்த நான் அவருக்குச் சில்லின் சுற்றளவைப் பற்றி ஒரு பந்தி எழுதினேன். முடிவில் "பதறாத காரியம் சிதறாது அண்ணை" என்றும் போட்டேன். அந்த மனுசன் நன்றி வேறு சொன்னார். மூன்று மாதத்துக்குள் குழுவில் என் பெயர் 'ஆலோசனை அக்கா'.

அந்தக் குழுவில்தான் நெடுந்தீவு மலரக்கா வந்தா.

முகப்புப் படத்தில் ஒரு செம்பரத்தம்பூ. ஆளைக் காணக் கிடையாது. குரோசே பின்னல்தான் போடுவா. ஒருநாள் வட்டமாகப் பின்னின மேசைவிரிப்பு ஒன்று போட்டா. அது தட்டாக இராமல் நடுவில் குழிந்து போயிருந்தது. நான் உடனே, "கண்ணி காணாதக்கா. ஒவ்வொரு சுற்றுக்கும் கூட்டிக்கொண்டு போகவேணும். ஆழமறியாமல் காலை விடக்கூடாது" என்று எழுதினேன். பதில் வந்தது:

"ஓம் பிள்ளை, ஆழம் பாத்துக்கொண்டு நிண்டால் வள்ளம் போயிடும். இது இனி மேசைவிரிப்பு இல்லை. தொப்பி. சின்னவரின்ரை தலைக்கு அளவாயிருக்கு."

நான் குசினியில் நின்று தனியாகச் சிரித்தேன். அந்த வசனம் கொப்பிக்குப் போனது. அதற்குப் பிறகு மலரக்காவின் பதிலுக்காகவே நான் ஆலோசனை சொல்ல வெளிக்கிட்டேன் என்றால் பொய்யில்லை. நான் ஒரு பழமொழியை எறிந்தால் அது நெடுந்தீவுக்குப் போய், குப்புறக் கவிழ்ந்து, சிரிப்பாகத் திரும்பி வரும். 'யானைக்கும் அடி சறுக்கும்' என்று நான் எழுதினால், 'அது சறுக்கினால் பாக்கிற ஆக்களுக்குத்தான் பிள்ளை கொண்டாட்டம்' என்று வரும். ஒரு வருசத்தில் அந்தக் கொப்பியில் பன்னிரண்டு பக்கம் மலரக்கா.

அந்தப் பதில்களில் அடிக்கடி வருகிற ஆள் 'சின்னவர்'. சின்னவர் தொப்பியைக் கழற்றமாட்டன் எண்டு அடம். சின்னவர் மழைக்குள்ளே நனைஞ்சு ஏச்சு வாங்கினார். சின்னவர் இனிப்புக் கேட்டு முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறார். எங்கள் பக்கத்தில் நாலு மாதக் குழந்தைக்கும் மரியாதை உண்டு. 'தம்பியார் பால் குடிச்சவரோ, நித்திரையோ' என்றுதான் கேட்போம். ஆகவே சின்னவர் ஆரென்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. குழப்படிக்காரப் பெடியன் ஒருவன் எனக்குள்ளேயே உருவாகி, தொப்பியும் போட்டுக்கொண்டு ஓடித் திரிந்தான்.

நான் கேக் படம் போடுகிற நாட்களில் மலரக்காவின் பதில் தவறாமல் வரும். "சின்னவர் படத்தைப் பாத்து வாயூறி வீணி வடிக்கிறார். ஒரு நாளைக்கு உங்கட கேக்கிலை ஒரு துண்டு திண்டுதான் தீருவாராம்." நான் விடுவேனா? "இனிப்பைக் காட்டிப் பழக்காதேங்கோ அக்கா, பல்லுப் பழுதாப் போயிடும்" என்று எழுதினேன்.

"பயப்பிடாதையும். சின்னவருக்கு மிச்சம் நாலு பல்லுத்தான்."

பால்பல் விழுகிற வயசு என்று கணக்குப் போட்டேன். (கணக்கிலை நான் எப்பவும் கெட்டிக்காரி.)

பிறகு நாலைந்து நாளாக மலரக்காவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நானும் இரண்டு கலியாணக் கேக்குக்குள் புதைந்து போயிருந்தேன். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் குழுவில் இது வந்தது:

"சின்னவருக்கு வியாழன் எட்டு. அவருக்கு கேக் விருப்பம். இங்கை கேக் இல்லை. முட்டை போட்டது வைக்கலாமோ. தெரிஞ்ச ஆக்கள் சொல்லவும்."

வழக்கமான பகிடி அதில் இல்லை. வசனங்கள் வெட்டு வெட்டாக இருந்தன. அதையெல்லாம் கவனித்தேனா என்றால், இல்லை. எட்டு வயசு! நான் போட்ட கணக்குச் சரி! அந்தச் சந்தோசப் புளுகத்தில் இரண்டு நிமிசத்துக்குள் குழுவில் முதல் ஆளாகப் போய், பலூன் படம் ஆறு, கேக் படம் நாலு, "குட்டிச் செல்லத்துக்கு எட்டாவது பிறந்தநாள் வாழ்த்துகள்! முட்டை தாராளமாய் வைக்கலாம்!" என்று போட்டேன். முன்னேர் போன வழியில்தானே பின்னேர் போகும். கனடாவிலிருந்து, லண்டனிலிருந்து, ஊர்காவற்றுறையிலிருந்து வாழ்த்து மழையாகக் கொட்டியது. யாரோ பாட்டுப் பாடிக் குரலும் அனுப்பினார்கள்.

ஒரே ஒரு ஆள், அந்தத் தீக்குச்சித் தேர் அண்ணை மட்டும், "எந்த எட்டு?" என்று கேட்டிருந்தார்.

நான் அவருக்கு எழுதின பதிலை இன்றைக்கும் நினைத்தால் காது சுடும். "என்ன அண்ணை, பரிசிலை இருந்து எண்ணிக்கையும் மறந்து போச்சோ? ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையிலை இருக்கிற எட்டுத்தான்!"

அதோடு நிற்கவில்லை. மலரக்காவுக்குத் தனியாகவும் ஒன்று எழுதினேன். "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அக்கா. வியாழக்கிழமை கேக்கோடை நானே வாறன்." கன நேரம் கழித்து வந்த பதில்: "நீர் வாறது பெரிய ஆறுதல். அவருக்கும் சந்தோசமாய் இருக்கும்."

ஆறுதல் என்ற சொல்லிலாவது எனக்கு ஏதாவது குத்தியிருக்கவேண்டும். பாவம், தனியாகப் பிள்ளை வளர்க்கிற மனுசி என்று நினைத்தேன்.

நீலமும் வெள்ளையுமாக ஒரு கேக் செய்தேன். மேலே 'சின்னவருக்கு' என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே '8வது பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று இன்னொரு வரி. ஒரு மூலையில் சீனி மாவில் செய்த சிவப்புக் கார் ஒன்று. பரிசாக, றிமோட்டில் ஓடுகிற விளையாட்டுக் கார் வேறு. வியாழக்கிழமை விடிய நான் மாம்பழ மஞ்சள் சேலையும், இவர் பூப்போட்ட சேட்டுமாக வெளிக்கிட்டோம். (இவர் எண்டால் என்ரை கணவர். எங்கடை பக்கத்திலை புருசன்ரை பேரை வாயாலை சொல்லுறது குறைவு. 'இவர்' எண்டால் எல்லாருக்கும் விளங்கும். அந்த ஊரிலை பிறந்தும் எனக்கு 'அவர்' விளங்காமல் போனதுதான் கதை.)

குறிகட்டுவானில் வள்ளம் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கடல். சோழகக் காற்று அடிக்கிற காலம். வள்ளம் ஏறி விழ, கேக் பெட்டி என் மடியிலிருந்து இவர் மடிக்கும், இவர் மடியிலிருந்து முன்னால் இருந்த அம்மாவின் மடிக்கும் போய் வந்தது. அந்த அம்மா வெள்ளைச் சேலை கட்டியிருந்தா. காலடியில் மரக்கறிப் பை.

"நெடுந்தீவிலை எங்கை போறியள் பிள்ளை?"

"மலரக்கா வீட்டை."

"ஓ, எட்டுக்கோ? நானும் அங்கைதான்."

"அட! நீங்களும் எட்டுக்கோ!" எனக்கு ஒரே குதூகலம்.

அந்த அம்மா என் மஞ்சள் சேலையை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தா. "சின்னவரை உமக்குத் தெரியுமோ?"

"நேரிலை காணேல்லை அம்மா. போனிலைதான் பழக்கம். ஆள் சரியான குழப்படி போலை."

"குழப்படிதான்" என்று சொல்லி, அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. கடல்தண்ணீர் தெறித்துவிட்டது என்று நினைத்து, நான் என் கைலேஞ்சியையும் நீட்டினேன்.

துறையிலிருந்து ஆட்டோவில் கேக்கைப் பிடித்துக்கொண்டு போகவே அரைவாசி உயிர் போய்விட்டது. இரண்டு பக்கமும் கல்வேலி, நடுவில் குண்டும் குழியும். வளவு வாசலில் இறங்கினபோது உள்ளே பந்தல் தெரிந்தது. நிறையச் செருப்பு. கணவாய்க்கறி வாசம். "பாருங்கோ, பெரிய எடுப்பாய்ச் செய்யினம்" என்று இவரிடம் சொன்னேன். "பலூனை ஊதுங்கோ." இவர் படலையடியில் நின்று பலூனை ஊதத் தொடங்க, நான் கேக்கை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு உள்ளே போய், ஊர் கேட்கிற குரலில் கூப்பிட்டேன்:

"பிறந்தநாள்ப் பெடியன் எங்கை? ஆளைக் காட்டுங்கோ பாப்பம்!"

பந்தலுக்குள் கதிரைகளில் இருந்த முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரும் வெள்ளை. என் பின்னால் நின்ற இவருக்கு வாய் திறந்துவிட்டது. பாதி ஊதின பலூன் 'புர்ர்ர்' என்று கிளம்பி, பந்தலை ஒரு வட்டம் அடித்து, சால்வை போட்ட ஒரு முதியவரின் மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார்.

அப்போதுதான் நான் முன்னுக்குப் பார்த்தேன். ஸ்ரூலில் ஒரு படம். மாலை. குத்துவிளக்கு. படத்தில் ஐம்பது வயசு தாண்டின ஒரு மனுசன், நாலே நாலு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். தலையில் குழிந்த குரோசேத் தொப்பி.

சின்னவர்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் எட்டாம் நாள், அவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைக்கிற சடங்கு ஒன்று உண்டு. எட்டுச்செலவு. பேச்சில் வெறும் 'எட்டு'. எட்டு என்றால் எட்டுத்தான், யாரும் விளக்கம் கேட்பதில்லை. நான் எத்தனை எட்டுக்குப் போய் வெங்காயம் உரித்திருப்பேன்! அப்படிப்பட்ட நான்தான், எண்ணிக்கை மறந்துபோச்சோ என்று ஒரு அண்ணையைக் கேட்டவள்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு மனுசி வந்தா. அறுபது வயசு இருக்கும், மெலிந்த உடம்பு. நேரே வந்து, கேக் பெட்டியோடு சேர்த்து என் கைகளைப் பிடித்தா.

"வந்திட்டீரே பிள்ளை. கடல் எல்லாம் தாண்டி வந்திட்டீரே."

நான் ஏதோ உளறினேன். பிறந்தநாள் என்று நினைத்தது, பெடியன் என்று நினைத்தது, எல்லாம் அழுகையும் சொல்லுமாகக் கலந்து வந்தது. வள்ளத்தில் வந்த அம்மா (மலரக்காவுக்கு மாமி முறையாம்) பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஐயோ, இதென்ன கூத்து! பிறந்தநாள் வாழ்த்தாம்!" என்று தலையில் கை வைத்தா. இவர் விளையாட்டுக் கார்ப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தூணோடு தூணாக நின்றார்.

மலரக்கா கேக்கை எட்டிப் பார்த்தா. பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறா என்று நினைத்தேன். சிரித்தா. வாயைச் சேலையால் பொத்தியும் நிற்காமல், கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தா.

"எட்டு வயசாம் மாமி! எங்கடை சின்னவருக்கு எட்டு வயசாம்! உவர் இதைக் கேட்டிருக்கவேணும்... உவர் இருந்திருக்கவேணும்..."

அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் மாறியது என்று எனக்குத் தெரியாது. அப்படியே என் தோளில் சாய்ந்து விக்கத் தொடங்கிவிட்டா. கேக் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது.

குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய் இருத்திப் பிறகுதான் சொன்னா. சின்னவர் அவவின் கடைசித் தம்பி. மூத்த அண்ணனை ஊர் 'பெரியவர்' என்று கூப்பிட, கடைசித் தம்பி 'சின்னவர்' ஆனார். ஐம்பத்து மூன்று வயசு வரைக்கும் ஊருக்கே சின்னவர்தான். கலியாணம் கட்டவில்லை. தாய் தகப்பன் போன பிறகு அக்காவும் தம்பியுமாக அந்த வீட்டில்.

"உமக்கு எழுதினது நான் இல்லைப் பிள்ளை" என்றா.

"என்னக்கா?"

"எனக்குப் பின்னத் தெரியும், போன் தெரியாது. நான் பின்னுவன், அவர் படம் எடுப்பார். நீர் எழுதுறதை எனக்கு வாசிச்சுக் காட்டிப்போட்டு, 'பொறு அக்கா, இதுக்கு ஒண்டு குடுக்கிறன்' எண்டு மதிலிலை ஏறியிருந்து எழுதுவார். அங்கைதான் சிக்னல். எழுதி முடிச்சுத் தானே சிரிப்பார். 'உந்தப் பிள்ளைக்குப் பழமொழி முடிஞ்சு போச்சு எண்டா என்ன செய்யும்' எண்டு கேப்பார்."

கொப்பியில் பன்னிரண்டு பக்கம். அவ்வளவும் இந்த மனுசன். ஒரு வருசமாக என்னோடு பேசிக்கொண்டிருந்த ஆளின் வீட்டுக்கு, அந்த ஆள் போய் எட்டாம் நாள், பலூனோடு வந்திருக்கிறேன்.

"கடைசியாய் வந்த ரெண்டும் மட்டும் நான் எழுதினது. எட்டு எண்டதும், உமக்குத் தனிய எழுதினதும். ஒரு மத்தியானம் முழுக்க எழுத்துத் தேடித் தேடி அமத்தினனான். குழுவிலை வந்த பதிலுகளைத் திறந்து வாசிக்க எனக்குத் தெரியேல்லை."

"ஏனக்கா கேக்?"

மலரக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னா. "அவருக்குச் சீனி வருத்தம். நான் ஒரு தேத்தண்ணிக்கும் சீனி போட விட்டதில்லை. உம்மடை கேக்குப் படம் வந்தால், 'அக்கா, வேலணைக்கு ஒருக்காப் போட்டு வருவம், ஒரே ஒரு துண்டு' எண்டு கெஞ்சுவார். 'செத்தாப் பிறகு தின்' எண்டு சொன்னனான் பிள்ளை. பகிடிக்குத்தான் சொன்னனான். பிறகு ஒரு காலமை நெஞ்சு நோகுது எண்டவர். துறைக்குக் கொண்டு போறதுக்குள்ளை முடிஞ்சுது."

நான் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஆறுதலுக்குச் சொல்ல என்னிடம் நூறு பழமொழி இருந்திருக்கும். ஒன்றும் வரவில்லை.

"இண்டைக்கு அந்தத் துண்டை வைக்காட்டி என்ரை கட்டை வேகாது பிள்ளை" என்றா.

வெளியே மாமிக்கு அது சரிவரவில்லை. "படையலிலை ஐசிங் கேக் வைக்கிற வழக்கம் எங்கை இருக்கு? அதுவும் பிறந்தநாள் வாழ்த்தோடை! செத்தவனைக் கேலி செய்யிற மாதிரி." அப்போது பலூனை இடுப்பில் செருகிய முதியவர்தான் மாமியைப் பார்த்து முதன்முதலாக வாயைத் திறந்தார். "ஏன் பிள்ளை, ஆளுக்கு விருப்பமானதுதானே வைக்கிறது? போன வருசம் உன்ரை புருசனுக்குச் சாராயம் வைச்சனாங்கள். கேக்கு அதைவிடப் பொல்லாததோ? வாழ்த்தை வழிச்சுப்போட்டு வையுங்கோ."

ஆக, வழிக்கிற வேலை எனக்கு. ஒரு மேசைக்கரண்டியின் பின்பக்கத்தால் தொடங்கினேன். இவர் தட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் வரியில் 'வாழ்த்துகள்' போனது. 'பிறந்தநாள்' போனது. 'வது' போனது. அதற்கு மேல் வழித்தால் கேக்கே கையோடு வந்துவிடும் போலிருந்தது. இவர் என் காதுக்குள், "போதும், இஞ்சை பாரும்" என்றார்.

சின்னவருக்கு. அதற்குக் கீழே, 8.

கோபத்தோடு எட்டிப் பார்த்த மாமியும், "ம்... இப்ப சரி" என்றா.

மூலையில் இருந்த சிவப்புக் காரையும் எடுக்கப் போனேன். மலரக்கா தடுத்தா. "அது இருக்கட்டும். வாழ்நாள் முழுக்க அவருக்குச் சைக்கிள்தான். கார் ஓட ஆசைப்பட்டவர். இந்த ரோட்டிலை எங்கை ஓடுறது?"

அறைக்குள் ஒரு மேசையில் தலைவாழை இலை விரித்து எல்லாம் வைத்தார்கள். விளைமீன் குழம்பு, கணவாய், அவித்த முட்டை, ஒரு போத்தல் கள்ளு, நடுவில் நீலமும் வெள்ளையுமாக என் கேக். மலரக்கா ஒரு துண்டு வெட்டி, தனியாக ஒரு தட்டில் வைத்து, "சாப்பிடு" என்று மட்டும் சொன்னா. செத்தவர் வந்து ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்தோம். தகரக்கூரை வீடு. வெளியே வெயில் கொளுத்தியது.

கொஞ்ச நேரத்தில் மலரக்கா கதவைத் திறந்தா. முதலில் அவ, பின்னால் நான், எனக்குப் பின்னால் இவர்.

குழம்பு வைத்தபடி இருந்தது. கள்ளு வைத்தபடி இருந்தது. கேக்கில் மட்டும், மூலையில் நின்ற சிவப்புக் கார் நிறுத்தின இடத்தில் இல்லை. வெள்ளை ஐசிங்கில் இரண்டு கோடு கீறிக்கொண்டு போய், கேக்கின் மற்ற ஓரத்தில், அந்த வெட்டின துண்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"ஓடியிருக்கிறார்" என்றா மலரக்கா. திரும்பி என் முகத்தைப் பார்த்தா. "பிள்ளை, பாத்தீரோ? கார் ஓடியிருக்கிறார். அப்ப கேக்கும் தொட்டிருப்பார், என்ன?"

பட்டர் ஐசிங்கைப் பற்றி அந்தத் தீவில் அந்த நேரத்தில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தகரக்கூரைச் சூட்டில் அது எத்தனை நிமிசம் நிற்கும், மேசை எந்தப் பக்கம் சரிந்தால் எந்தப் பக்கம் வழியும், மேலே வைத்த பாரத்தை எப்படி இழுத்துக்கொண்டு போகும், எல்லாம் தெரியும். குழுவில் இதைப் பற்றி மூன்று பந்தி எழுதி, நூறு பேரிடம் நன்றி வாங்கினவள். கேட்காதவர்களுக்கே சொல்லித் திரிந்த என்னை, வாழ்க்கையில் ஒரு மனுசி கண்ணைப் பார்த்துக் கேட்கிறா.

"ஓமக்கா" என்றேன். "தொட்டிருப்பார்."

மலரக்கா அப்படியே நிலத்தில் குந்தி, எட்டு நாளைக்குப் பிறகு முதன்முதலாக ஒரு வாய் சோறு தின்றா என்று மாமி எனக்குப் பிறகு சொன்னா.

பின்னேர வள்ளத்தில் திரும்பினோம். குறிகட்டுவானில் இறங்கின பிறகுதான் இவர், விளையாட்டுக் கார்ப் பெட்டியை இன்னும் கையில் வைத்திருப்பதைக் கண்டார்.

குழுவில் நான் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். தீக்குச்சித் தேர் அண்ணைக்குத் தனியாகவும் எழுதினேன். அவர், "உம்மிலை பிழையில்லைத் தங்கச்சி, எட்டு எண்டது எனக்கும் முதல் கேக்காகத்தான் தெரிஞ்சது" என்று பெருந்தன்மையாகப் பொய் சொன்னார். அந்த வாழ்த்துகளையெல்லாம் அழித்துவிடலாமோ என்று மலரக்காவைக் கேட்டேன். "வேண்டாம் பிள்ளை. உயிரோடை இருக்கேக்கை அவருக்கு ஆர் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னது? கிடக்கட்டும்" என்றா. அந்தப் பலூன்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

மலரக்கா இப்போதும் பின்னுகிறா. மதிலில் ஏறமுடியாது என்பதால் மதிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, ஒற்றை விரலால் தானே எழுதுகிறா. நான் கண்ணி கூட்டச் சொன்னால் "ஓம் பிள்ளை" என்று வரும். பகிடி வராது. அந்த "ஓம் பிள்ளை"யையும் நான் கொப்பியில் எழுதி வைத்தேன், தேதி போட்டு.

எங்கள் வீட்டிலோ இது தீராத பகிடி. எந்த அழைப்பு வந்தாலும், கலியாணமோ புதுவீடு குடிபூரலோ, இவர் நாலு பேருக்கு முன்னால், "ஆள் உயிரோடையோ எண்டு முதல் கேட்டுச் சொல்லும், நான் சேட்டு எடுக்கவேணும்" என்பார். உடனே யாராவது முழுக்கதையையும் கேட்பார்கள். இவர் எழும்பி நின்று நடித்தே காட்டுவார். 'பிறந்தநாள்ப் பெடியன் எங்கை' என்று என் குரலில் கத்துவார். பலூன் பறக்கிறதைக் கையால் காட்டுவார். முதியவர் அதை மடித்து இடுப்பில் செருகுகிற இடத்தில் சிரிப்பு உச்சத்துக்குப் போகும். நானும் சிரிப்பேன். கார் இடம் மாறின கட்டத்துக்கு வந்ததும் இவர் குரல் கொஞ்சம் இறங்கும். அப்போது கூட்டத்தில் ஒருவர் தவறாமல் என் பக்கம் திரும்புவார்.

"அதுசரி, நீங்கள் ஐசிங் செய்யிற ஆள்தானே அக்கா. கார் என்னெண்டு நகர்ந்தது?"

இவர் என்னைப் பார்ப்பார்.

"தெரியாது" என்று சொல்லுவேன்.